பி.எட்-க்கு ரெண்டு லட்சம் போடலாமா? சேலம் பக்கம் படிச்சவங்க, டீச்சரா இருக்கறவங்க சொல்லுங்க

தறிக்காரர் மகள்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. அம்மாபேட்டைல இருந்து எழுதறேன். இந்த வருஷம் பி.எஸ்சி மேத்ஸ் முடிச்சேன், கவர்மெண்ட் காலேஜ், தமிழ் மீடியம், 74 பர்சன்ட். கணக்கு டீச்சர் ஆகணும்ங்கறது ரொம்ப நாள் ஆசை, பி.எட் பண்ணலாம்னு இருக்கேன். சேலத்துக்கு வெளிய ஒரு பிரைவேட் காலேஜ்ல விசாரிச்சப்போ வருஷத்துக்கு 75,000னு சொன்னாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம், அது போக காலேஜ் பஸ், யூனிபார்ம் சேலை, ரெக்கார்டு நோட்டு, டூர்னு ஒவ்வொண்ணா சேத்தா கிட்டத்தட்ட 1,90,000 வருது. சீட் இப்பவே புக் பண்ணணும், 10,000 அட்வான்ஸ் கட்டுங்கனு தினமும் போன் வருது. அப்பா பட்டுத்தறி நெய்யறார். அம்மா நகைய வெச்சு கட்டிடலாம்னு சொல்றார். எனக்கு அஞ்சு ரோடு பக்கத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல மாசம் 12,000க்கு வேலையும் வந்திருக்கு. பி.எட் முடிச்சா அந்த காசு திரும்ப வருமா, எத்தன வருஷத்துல வரும்? தெரிஞ்சவங்க உண்மைய சொல்லுங்க, நகைங்கறதால பயமா இருக்கு.

சங்ககிரி பஸ்:
தங்கச்சி, மொதல்ல அந்த பத்தாயிரத்த கட்டாதீங்க. அரசு கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணீங்களா இல்லையா?

தறிக்காரர் மகள்:
இல்லண்ணா, கவர்மெண்ட் சீட்டெல்லாம் கிடைக்காதுனு அந்த காலேஜ்லயே சொன்னாங்க.

சங்ககிரி பஸ்:
அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அவங்க சீட் நிறையணும்ல. நம்ம பக்கத்துல குமாரபாளையத்துல அரசு கல்வியியல் கல்லூரி இருக்கு, சேலத்துல இருந்து சங்ககிரி வழியா பவானி போற பஸ் ஏறுனா அங்க எறங்கிக்கலாம். பேர்லேண்ட்ஸ்ல ஸ்ரீ சாரதா கல்வியியல் கல்லூரி இருக்கு, அது எய்டட், அதாவது அரசு உதவி பெறுற காலேஜ், பொண்ணுங்களுக்கு மட்டும், அம்மாபேட்டைல இருந்து டவுன் பஸ்லயே போயிட்டு வந்துடலாம். தமிழ்நாடு முழுக்க அரசு காலேஜ் 7, எய்டட் 14, ரெண்டும் சேத்து சீட் 2,040னு ஒவ்வொரு வருஷமும் பேப்பர்ல வரும். போட்டி இருக்குதான், ஆனா பாடவாரியா, டிகிரி மார்க்க வெச்சு ரேங்க் போடறாங்க, இட ஒதுக்கீடும் உண்டு, 74 பர்சன்ட் வெச்சுக்கிட்டு அப்ளை பண்ணாமயே விட்டுடக்கூடாது. பீஸ் வருஷத்துக்கு சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். எங்க வீட்ல ஒருத்தங்க குமாரபாளையத்துலதான் படிச்சாங்க, பஸ் செலவும் சாப்பாட்டு செலவும்தான் பீஸவிட ஜாஸ்தியா வந்துச்சு.

ஆத்தூர் டீச்சர்:
நான் ஆத்தூர் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறேன், பி.எட் முடிச்சு பல வருஷம் ஆச்சு. சம்பளத்த பத்தி யாரும் வெளிப்படையா சொல்றதில்ல, அதனால நான் சொல்றேன். என் அக்கவுண்ட்ல மாசாமாசம் 18,000 ஏறும். ஏறுன அன்னிக்கு சாயங்காலம் 4,000 ரொக்கமா எடுத்துட்டு போய் ஆபீஸ் ரூம்ல கொடுக்கணும், அதுக்கு ரசீது கிடையாது, ஒரு நோட்டுல டிக் மட்டும் போடுவாங்க, வரிசைல நின்னு கொடுத்துட்டு வருவோம். அப்போ கைல நிக்கறது 14,000. மே மாசம் சம்பளம் இல்ல. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் சேரும்போதே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, நடுவுல டிஆர்பி (அரசு ஆசிரியர் தேர்வு வாரியம்) சர்டிபிகேட் வெரிபிகேஷன் வந்தா அவங்ககிட்ட கெஞ்சித்தான் வாங்கணும். இதெல்லாம் ஒரு ஸ்கூல் கதை இல்லம்மா, என் கூட பி.எட் படிச்சவங்க பாதி பேருக்கு மேல இதே நிலைமைலதான் இருக்காங்க. பசங்களுக்கு பாடம் எடுக்கறது எனக்கு ரொம்ப பிடிக்கும், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா நீ கேட்டது காசு திரும்ப வருமான்னு. 14,000 சம்பளத்துல இருந்து 1,90,000 எப்படி திரும்ப வரும்னு நீயே போட்டுப் பாரு.

ஏலக்காய் டீ:
எல்லாத்தையும் காசு கணக்குல பாத்தா யாருமே டீச்சர் ஆக மாட்டாங்க. டீச்சர்னா ஒரு மரியாதை இருக்கு, பொண்ணுங்களுக்கு சேஃபான வேலை, கல்யாணத்துக்கும் பி.எட் ஒரு பிளஸ். நகை திரும்ப வாங்கிக்கலாம், வயசு திரும்ப வராது.

கணக்கு வாத்தியார்:
ஏலக்காய் டீ சொல்ற மரியாதை உண்மைதான், நானும் அரசுப் பள்ளில பி.டி. அசிஸ்டென்ட்டா, அதாவது பட்டதாரி ஆசிரியரா இருக்கறவன், அத தினமும் பாக்கறேன். ஆனா அடகு வட்டி மரியாதைய பாக்காதுங்க. தங்கச்சி, உங்க கணக்க நான் போட்டுக் காட்டறேன், பொறுமையா படிங்க.

காலேஜுக்கு 1,90,000. படிக்கற ரெண்டு வருஷமும் ஆடிட்டர் ஆபீஸ் வேலை இருக்காது, மாசம் 12,000ன்னா 24 மாசத்துக்கு 2,88,000. இத யாரும் செலவுல சேக்க மாட்டாங்க, ஆனா இதுதான் பெரிய செலவு. ரெண்டும் சேந்தா 4,78,000. இப்ப ரெண்டு வருஷம் கழிச்சு பிரைவேட் ஸ்கூல்ல 14,000க்கு சேர்றீங்கன்னு வைங்க, அந்த ஆடிட்டர் ஆபீஸ்லயே இருந்திருந்தா அதுக்குள்ள டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் கத்துக்கிட்டு அதே 14,000, 15,000 வந்திருக்கும். அப்போ சம்பளத்துல கூடுதல்னு ஒண்ணுமே இல்ல, இந்த நாலே முக்கால் லட்சம் எத்தன வருஷத்துல திரும்ப வரும்னு கேட்டா, பிரைவேட் ஸ்கூல் மட்டும்தான்னா திரும்பவே வராதுங்கறதுதான் பதில்.

இப்ப இன்னொரு பக்கம். அரசுப் பள்ளில பி.டி. அசிஸ்டென்ட் ஆனா லெவல் 16, அடிப்படை சம்பளம் 36,400ல ஆரம்பிக்கும், 1,15,700 வரைக்கும் போகும். அதுக்கு மேல அகவிலைப்படி, அது இப்ப அடிப்படை சம்பளத்துல பாதிக்கு மேல. சேந்த மொத மாசமே 54,000க்கு மேல, வீட்டு வாடகைப் படி தனி. ஒரே வருஷத்துல நீங்க போட்ட மொத்தமும் திரும்பிடும்.

ஆக பி.எட் பீஸுங்கறது வேலைக்காக கட்டற காசு இல்ல, டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதறதுக்கும் டிஆர்பி எழுதறதுக்கும் தகுதி வாங்கறதுக்காக கட்டற காசு. அந்த தகுதி குமாரபாளையத்துல வாங்குனாலும் ஒண்ணுதான், ரெண்டு லட்சம் கொடுத்து வாங்குனாலும் ஒண்ணுதான். எக்ஸாம்ல நீ எந்த காலேஜ்னு யாரும் கேக்கப் போறதில்ல. தகுதிய எவ்வளவு கம்மியா வாங்க முடியுமோ அவ்வளவு கம்மியா வாங்கிட்டு, மிச்ச காச எக்ஸாமுக்கு படிக்கற காலத்துக்கு வெச்சுக்கணும். அந்த காலம்தான் நீளம், அங்கதான் எல்லாரும் காசில்லாம பாதில விடறாங்க.

தறிக்காரர் மகள்:
சார் ரொம்ப நன்றி. அந்த 2,88,000ஐ நான் யோசிக்கவே இல்ல. ஆனா டெட் பாஸ் பண்ணிட்டா வேலை கிடைச்சிடும்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன், அதுக்கப்புறம் இன்னொரு எக்ஸாமா?

கணக்கு வாத்தியார்:
ஆமாங்க. 2018ல அரசாணை 149 வந்துச்சு, அதுல இருந்து டெட்ங்கறது தகுதி மட்டும்தான், வேலைக்கு தனியா போட்டித் தேர்வு எழுதணும். டெட் ரெண்டாம் தாள் 150 மார்க், பொதுப் பிரிவுக்கு 90 எடுக்கணும், மத்த பிரிவுக்கு சலுகை இருக்கு, அந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கோங்க. ஒரு தடவ பாஸ் பண்ணிட்டா ஆயுசுக்கும் செல்லும், முன்னாடி ஏழு வருஷம்தான் இருந்துச்சு. ஆனா பாஸ் பண்றது சாதாரணம் இல்ல. 2012ல மொத டெட் நடந்தப்போ ஆறரை லட்சத்துக்கு மேல எழுதி 2,448 பேர்தான் பாஸ். 2022 அறிவிப்புல நடந்த ரெண்டாம் தாள ரெண்டரை லட்சம் பேருக்கு மேல எழுதுனாங்க, பதினஞ்சாயிரத்து சொச்சம் பேருதான் தேறுனாங்க.

அப்புறம் டிஆர்பி. 2023 அக்டோபர்ல பி.டி. அசிஸ்டென்ட்டுக்கும் வட்டார வளமைய ஆசிரியருக்கும் சேத்து 2,222 இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு, 2024 பிப்ரவரி 4ல எக்ஸாம் நடந்துச்சு. அதுக்கு முன்னாடி பல வருஷம் ஒண்ணுமே இல்ல. கணக்குக்குன்னு பாத்தா அதுல இருநூத்து சொச்சம் இடம்தான். அதுலயும் தமிழ் தகுதித் தாள்ல 40 பர்சன்ட் எடுத்தாத்தான் மெயின் பேப்பரையே திருத்துவாங்க. பயமுறுத்தறதுக்காக சொல்லலம்மா, கணக்கு நல்லா வர்ற பொண்ணு ஒழுங்கா உக்காந்து படிச்சா முடியும், என் கூட வேலை பாக்கற ரெண்டு பேரு அந்த எக்ஸாம்லதான் வந்தாங்க. அறிவிப்பு எப்ப வரும்னு யார் கைலயும் இல்லங்கறதுதான் பிரச்சனை, அந்த காத்திருக்கற காலத்துக்கும் சேத்துத்தான் காசு கணக்கு போடணும்.

பேங்க்கார அண்ணன்:
நகை விஷயத்துல ஒண்ணு சொல்லிக்கறேன். எங்க வெக்கப் போறீங்கன்னு அப்பாகிட்ட கேளுங்க. பேங்க்ல வெச்சா வருஷத்துக்கு ஒம்பது, பத்து பர்சன்ட்ல முடியும். தெருமுனை அடகு கடைல ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 பர்சன்ட், ஒன்றரை லட்சத்துக்கு மாசம் 3,000 வட்டி மட்டும், ரெண்டு வருஷத்துல 72,000 வட்டியே போயிடும், அசல் அப்படியே நிக்கும்.

எஜுகேஷன் லோனும் இருக்கு, 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக் கூடாது, அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போட்டா போதும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை ஆரம்பிக்கும். ஆனா வட்டி மொத நாள்ல இருந்தே ஓடும், இத கவுண்டர்ல யாரும் அழுத்தி சொல்ல மாட்டாங்க. ஒன்றரை லட்சம் வாங்கி பத்து பர்சன்ட்னு வெச்சா தவணை ஆரம்பிக்கறப்போ 1,87,000 ஆயிருக்கும், அஞ்சு வருஷத்துல கட்டணும்னா மாசம் 4,000. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா வட்டி மானியத் திட்டம் இருக்கு, உங்க படிப்பும் காலேஜும் அதுல வருமான்னு லோன் போடறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டுக்கோங்க. ஆத்தூர் டீச்சர் சொன்ன 14,000ல 4,000 தவணை போச்சுன்னா 10,000. அதுல பஸ் செலவு, சேலை, டெட்டுக்கு புக்கு. என் முன்னாடி வந்து உக்காந்து அழுத பி.எட் படிச்ச பொண்ணுங்கள பாத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நாகலூர் பொண்ணு:
இழைக்கு நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் ஏற்காடு நாகலூர் பக்கம், மலையாளி பழங்குடி, எஸ்.டி. பி.ஏ தமிழ் முடிச்சு இப்ப ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன். ஒண்டிக்கடைல ஒருத்தர், வெளி மாநிலத்துல பி.எட், காலேஜுக்கே போக வேண்டாம், எக்ஸாம் அப்போ மட்டும் போனா போதும், மொத்தமா 80,000ன்னு சொல்றார். ரெண்டு வருஷ சம்பளமும் போகாது, வேலைல இருந்துக்கிட்டே முடிச்சிடலாம்ங்கறதால நானும் யோசிச்சிட்டு இருந்தேன். மேல கணக்கு வாத்தியார் சார் போட்ட கணக்குப்படி பாத்தா அது லாபம்தானேங்க?

மலை ஸ்கூல் டீச்சர்:
நாகலூர் பாப்பா, வேணாம். தயவுசெஞ்சு வேணாம். நான் ஏற்காடு மலைல ஒரு அரசுப் பள்ளில எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) மூலமா தற்காலிக பி.டி.யா இருக்கேன். காலேஜுக்கே போகாத பி.எட்-னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது. என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில்) விதிப்படி ரெகுலர் பி.எட்-க்கு வகுப்புல 80 பர்சன்ட், ஸ்கூல் பயிற்சில 90 பர்சன்ட் வருகை இருக்கணும், ரெண்டு வருஷத்துல மொத்தம் 20 வாரம் ஸ்கூல்ல போய் பாடம் எடுக்கணும். தபால் வழி பி.எட், இக்னோல இருக்கறதும் சரி நம்ம திறந்தநிலைப் பல்கலைல இருக்கறதும் சரி, ஏற்கனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்கும் வேலைல இருக்கற பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும்தான், டிகிரி மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு இல்ல. நீ 80,000 கொடுத்து, டெட்டும் பாஸ் பண்ணி, டிஆர்பியும் பாஸ் பண்ணி, சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல போய் நிக்கறப்போ, அந்த ரெண்டு வருஷம் நீ எஸ்டேட்ல சம்பளம் வாங்குன ரெக்கார்டும் அந்த மாநில காலேஜ் வருகைப் பதிவும் ஒரே தேதில இருந்தா என்ன பதில் சொல்லுவ?

உனக்கு செலவே இல்லாத வழி இருக்குமா. எஸ்.டி.ங்கறதால அரசு, எய்டட் காலேஜ்ல டியூஷன் பீஸ் கிடையாது. வீட்டு வருமானம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு. தங்கறதுக்கு அரசு விடுதி இருக்கு. தகுதி மார்க்கும் எஸ்.சி., எஸ்.டி.க்கு டிகிரில 40 பர்சன்ட் இருந்தாலே போதும். எங்க மலைல படிச்ச பொண்ணுங்களுக்கு இத யாரும் எடுத்து சொல்றதில்ல, அந்த எடத்துலதான் ஏஜெண்டுங்க வந்து உக்காந்துக்கறாங்க. அபிநவத்துல ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கு, மத்திய அரசு ஆளெடுப்புல வர்ற வேலை, பழங்குடியினர் நல பள்ளிங்க இருக்கு, அங்கெல்லாம் நம்ம புள்ளைங்க பாஷை தெரிஞ்ச டீச்சர் எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும். நான் அஸ்தம்பட்டில இருந்து தினமும் இருவது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவ, எங்க ஸ்கூல்ல ஆறாவது படிக்கற ஒரு பையன் காபி பழம் பறிக்கற சீசன்ல வரமாட்டான், ஏன்னு கேட்டா என்கிட்ட தலைய குனிஞ்சுக்குவான், அவங்க ஊர் ஆயாகிட்ட எல்லாத்தையும் சொல்லுவான். நீ வந்தா அவன் உன்கிட்ட பேசுவான்.

நாகலூர் பொண்ணு:
அக்கா, கண்ணு கலங்கிடுச்சு. அந்த ஆள்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். எங்கப்பா வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ளதான். ஆனா சர்டிபிகேட் பழசு, கார்டு மாதிரி கையால எழுதுனது இருக்கு.

மலை ஸ்கூல் டீச்சர்:
அத உடனே மாத்து. எஸ்.டி. சர்டிபிகேட் தாசில்தார் இல்ல, ஆர்.டி.ஓ. தான் கொடுக்கணும், விசாரணை வரும், நாளாகும். இ-சேவைல இப்பவே போடு, வருமானச் சான்றும் கூடவே போட்டுடு.

தறிக்காரர் மகள்:
மலை ஸ்கூல் அக்கா, எஸ்.எம்.சி. தற்காலிக வேலைக்கு எவ்வளவு கொடுக்கறாங்க? பி.எட் முடிச்சிட்டு பிரைவேட்டுக்கு பதிலா அங்க வரலாமா?

மலை ஸ்கூல் டீச்சர்:
பி.டி.க்கு 15,000, பதினொண்ணு பன்னெண்டுக்கு எடுக்கற பி.ஜி. ஆசிரியருக்கு 18,000, தொகுப்பூதியம். இடம் காலியா இருந்தாத்தான் எடுப்பாங்க, நிரந்தர ஆள் வந்தா போயிடணும், சில மாசம் சம்பளம் தாமதமாகும். ஆனா யாரும் ரொக்கமா திருப்பிக் கேக்க மாட்டாங்க, சர்டிபிகேட்ட புடிச்சு வெக்க மாட்டாங்க, சாயங்காலம் நாலரைக்கு மேல படிக்கறதுக்கு நேரம் இருக்கும். டிஆர்பிக்கு தயாராகறவங்களுக்கு இது நல்ல இடம். நிரந்தரமாகும்னு மட்டும் நம்பி வராதீங்க, 2012ல எடுத்த பகுதிநேர ஆசிரியருங்க இன்னும் போராடிட்டுத்தான் இருக்காங்க.

ஓய்வு எச்எம்:
பேத்தி வயசு புள்ளைங்க இவ்வளவு நிதானமா கேக்கறத பாத்து எழுதணும்னு தோணுச்சு. கணக்குப் பாடத்துக்கு நான் சொல்ற வழி எம்.எஸ்சி. முடிச்சிட்டு பி.எட். போறது. காரணம் என்னன்னா, பி.ஜி. அசிஸ்டென்ட் வேலைக்கு டெட் தேவையில்ல, பதினொண்ணு பன்னெண்டுக்கு எடுக்கற வேலைங்கறதால நேரா டிஆர்பி பி.ஜி. தேர்வுதான். 2025 ஜூலைல 1,996 இடத்துக்கு அறிவிச்சு அக்டோபர் 12ல தேர்வு வெச்சாங்க. சம்பளம் லெவல் 18, ஆரம்பம் 36,900, பி.டி.யோட வெறும் 500 ரூபாதான் வித்தியாசம், அத பாத்து ஏமாறாதீங்க, ரெண்டு கதவு திறந்திருக்குங்கறதுதான் விஷயம். எம்.எஸ்சி. பி.எட்-னா பி.டி.யும் எழுதலாம், பி.ஜி.யும் எழுதலாம், பிரைவேட் ஸ்கூல்லயும் பிளஸ் டூ மேத்ஸ் எடுக்கற ஆளுக்கு நல்ல கிராக்கி. நெட், செட் எழுதி காலேஜ் பக்கமும் போகலாம். அரசு கலைக் கல்லூரிலயோ கருப்பூர்ல பெரியார் பல்கலைலயோ எம்.எஸ்சி. படிச்சா பீஸ் பிரைவேட் பி.எட்-ல பாதி கூட வராது.

ஆரம்பப் பள்ளி ஆசைல சிலர் பி.எட். படிப்பாங்க, அதுவும் இனிமே செல்லாது, 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் ஆரம்ப வகுப்புக்கு பி.எட். தகுதி இல்லன்னு சொல்லிடுச்சு. அதுக்கு டி.எல்.எட்.ங்கற டிப்ளமோ வேணும், பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க உத்தமசோழபுரம் டயட்ல (அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) படிக்கலாம், செலவு ரொம்ப கம்மி. இடைநிலை ஆசிரியர் சம்பளம் 20,600ல ஆரம்பிக்கும், டிகிரி முடிச்ச கணக்குப் புள்ளைக்கு அது தேவையில்ல.

சங்ககிரி பஸ்:
ஐயா, எம்.எஸ்சி.யும் சேந்தா நாலு வருஷம் வருமானம் இல்லையே, அந்த 2,88,000 ரெண்டு மடங்காகுமே? தறி ஓட்டற வீட்ல அத தாங்க முடியுமா?

ஓய்வு எச்எம்:
நியாயமான கேள்விதான் தம்பி. எம்.எஸ்சி. படிக்கறப்போ சாயங்காலம் டியூஷன் எடுக்கலாம். அம்மாபேட்டைலயே பத்தாவது, பன்னெண்டாவது கணக்கு டியூஷனுக்கு ஆள் தேடிட்டுத்தான் இருக்காங்க, பத்து புள்ளைங்கள வெச்சுக்கிட்டா மாசம் ஆறாயிரம் ஏழாயிரம் வரும், பாடமும் மறக்காது. பி.எட்.ல அது கஷ்டம், ரெக்கார்டு வேலை ராத்திரி வரைக்கும் இழுக்கும், லெசன் பிளான் எழுதி, சார்ட் ஒட்டி, சைக்காலஜி ரெக்கார்டு முடிச்சு, பயிற்சி ஸ்கூலுக்கு காலைல எட்டரைக்கு போய் நிக்கணும். இன்னொண்ணு, பி.ஜி. முடிச்சவங்களுக்கு பி.எட். ஒரே வருஷம்னு என்சிடிஇ 2025 பிப்ரவரில ஒரு வரைவு வெளியிட்டுச்சு. அது வந்தா ஒரு வருஷ பீஸும் ஒரு வருஷ வருமானமும் மிச்சம். ஆனா வரைவ நம்பி யாரும் வாழ்க்கைய முடிவு பண்ணக்கூடாது, 2015க்கு முன்னாடி ஒரு வருஷமா இருந்த படிப்ப ரெண்டு வருஷமாக்குனதும் அவங்கதான்.

ஏலக்காய் டீ:
நீங்க எல்லாரும் அரசு வேலை கிடைக்கும்னு வெச்சே கணக்கு போடறீங்க. கிடைக்காதவங்க? என் அக்கா பி.எட் முடிச்சா, டெட் ரெண்டு தடவ சில மார்க்ல போச்சு, இப்ப ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல 22,000 வாங்கறா, சந்தோஷமாத்தான் இருக்கா. அவளும் ஒரு பிரைவேட் காலேஜ்லதான் படிச்சா, அங்க நல்லா சொல்லிக் கொடுத்தாங்க, டெமோ கிளாஸ்ல அவ நின்னதே அந்த பயிற்சியாலதான்னு சொல்லுவா. மலிவா கிடைக்குதுங்கறதுக்காக எங்க வேணா சேரலாம்னு சொல்றது எனக்கு சரியா படல.

கணக்கு வாத்தியார்:
உங்க அக்கா விஷயத்துல நீங்க சொல்றது சரிங்க. பிரைவேட் எல்லாமே மோசம்னு நான் சொல்ல வரல, சொல்லிக் கொடுக்கற பிரைவேட் காலேஜும் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி அங்க ரெண்டாம் வருஷம் படிக்கற பொண்ணு யார்கிட்டயாவது பேசணும், பயிற்சிக்கு நிஜமாவே ஸ்கூலுக்கு அனுப்பறாங்களா, மைக்ரோ டீச்சிங் நடக்குதா, இல்ல ரெக்கார்டு மட்டும் எழுத வெக்கறாங்களான்னு கேட்டா தெரிஞ்சிடும். அங்கீகாரத்தையும் என்சிடிஇ வெப்சைட்லயே பாக்கணும், 2025ல செயல்திறன் அறிக்கை தாக்கல் பண்ணாத காலேஜ் நிறைய அங்கீகாரத்த இழந்துச்சு, சுவர்ல மாட்டியிருக்கற போர்ட நம்பக் கூடாது. பீஸ் கமிட்டி நிர்ணயிச்ச கட்டணம் எவ்வளவோ அதுக்கு மேல கேட்டா ரசீது கேக்கணும், ரசீது கொடுக்க மாட்டாங்கன்னா அது எந்த பீஸுமில்ல.

உங்க அக்கா டெட்ட விட வேணாம்னு சொல்லுங்க. பிரைவேட் ஸ்கூலானாலும் எட்டாவது வரைக்கும் எடுக்கறவங்களுக்கு டெட் வேணும்ங்கறது கல்வி உரிமைச் சட்டத்துலயே வர்றது, 2025 செப்டம்பர் 1 தீர்ப்புல உச்ச நீதிமன்றம் ஏற்கனவே வேலைல இருக்கறவங்களையும் ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ண சொல்லியிருக்கு, ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. பிரைவேட் ஸ்கூல்லயும் இனிமே டெட் பாஸ் பண்ணவங்களுக்கு ஒரு மதிப்பு வரும்னு நெனைக்கறேன்.

ஏலக்காய் டீ:
இது எங்களுக்குத் தெரியாதுங்க, இன்னிக்கே அவகிட்ட சொல்றேன். நன்றி.

ஆத்தூர் டீச்சர்:
தறிக்காரர் மகளே, நீ தமிழ் மீடியம்னு சொன்னல்ல, அத யாரும் கவனிக்கல. அது உன் பெரிய சொத்து. தமிழ் வழில படிச்சவங்களுக்கு அரசு வேலைல 20 பர்சன்ட் முன்னுரிமை இருக்கு, ஆனா ஒண்ணாவதுல இருந்து அந்த வேலைக்கு கேக்கற படிப்பு வரைக்கும் எல்லாமே தமிழ் வழியா இருக்கணும். பி.எட்-ட இங்கிலீஷ் மீடியத்துல முடிச்சா அந்த சலுகை போயிடும். நீ விசாரிச்ச பிரைவேட் காலேஜ்ல தமிழ் மீடியம் இருக்கா?

தறிக்காரர் மகள்:
இல்லக்கா, இங்கிலீஷ் மீடியம் மட்டும்தான்னு சொன்னாங்க, அதுதான் மதிப்புன்னும் சொன்னாங்க.

ஆத்தூர் டீச்சர்:
அப்போ 1,90,000 கொடுத்து அந்த 20 பர்சன்ட்டையும் விட்டுட்டு வர்ற மாதிரி ஆகும். எம்.எஸ்சி. போனாலும் இத பாத்துக்கோ, பி.ஜி. வேலைக்கு எம்.எஸ்சி.யும் தமிழ் வழியா இருந்தாத்தான் பி.எஸ்.டி.எம்.ங்கற இந்த தமிழ் வழி சலுகை கிடைக்கும், நிறைய இடத்துல எம்.எஸ்சி. மேத்ஸ் இங்கிலீஷ்லதான் நடக்கும். பி.டி. வேலைக்கு பி.எஸ்சி.யும் பி.எட்-டும் தமிழ்ல இருந்தா போதும்னு நான் புரிஞ்சு வெச்சிருக்கேன், அறிவிப்பு வர்றப்போ அதுல எப்படி போட்டிருக்குன்னு ஒரு தடவ படிச்சுக்கோ.

தறிக்காரர் மகள்:
நேத்து ராத்திரி அப்பா, அம்மா, நான் மூணு பேரும் உக்காந்து இந்த இழைய மொதல்ல இருந்து படிச்சோம். அப்பாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டுனேன், ரெண்டு வட்டி கணக்கு வந்தப்போ அவரே விரல்ல எண்ணிப் பாத்தார், தறில ஒரு சேலை முடிச்சா கைக்கு வர்ற கூலிய அந்த 3,000 வட்டிகூட வெச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. நகை வேணாம்னு முடிவாயிடுச்சு. கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷன் போடறேன், மொத சாய்ஸ் சாரதா, ரெண்டாவது குமாரபாளையம், ரெண்டுலயும் தமிழ் மீடியம் இருந்தா அதுதான். அதுவரைக்கும் ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கு போறேன், அந்த சம்பளத்துல மாசம் எட்டாயிரம் தனியா போட்டு வெச்சா குமாரபாளையம் கிடைச்சாலும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்ல கேக்க வேண்டியதில்ல. சீட் கிடைக்கலன்னா இந்த வருஷம் வேலையும் சாயங்கால டியூஷனும், அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணுவேன். எம்.எஸ்சி.ய பி.எட்-க்கு அப்புறம் பாத்துக்கறேன் ஐயா, வீட்டுக்கு இப்ப நாலு வருஷம் தாங்காது. பிரைவேட் காலேஜ்ல இருந்து இன்னிக்கும் போன் வந்துச்சு, அப்பாவே எடுத்து வேணாம்னு சொல்லிட்டார்.

ஓய்வு எச்எம்:
சரியான வரிசைம்மா. எம்.எஸ்சி. எங்கயும் போயிடாது, வேலைக்கு வந்துட்டு கூட தபால்ல முடிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க.

கணக்கு வாத்தியார்:
டெட் ரெண்டாம் தாளுக்கு இப்பவே ஆரம்பிச்சிடுங்க. கணக்கு அறிவியல் பிரிவுல 60 மார்க், குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30. கணக்கு உங்களுக்கு வந்துடும், நம்ம பக்கத்து பசங்க கோட்டை விடறது சைக்காலஜிலயும் இங்கிலீஷ்லயும்தான். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சமச்சீர் புக்கு மட்டும் வரி விடாம படிங்க, கைடு வாங்காதீங்க. பி.எட் கடைசி வருஷத்துலயே டெட் எழுத விட்டிருக்காங்க, அறிவிப்பு வந்தா தவற விடாதீங்க.

நாகலூர் பொண்ணு:
தறிக்காரர் வீட்டு அக்கா, நான் குமாரபாளையத்த மொத சாய்ஸா போடப் போறேன், தமிழ் பாடத்துக்கு. ரெண்டு பேருக்கும் அங்கயே கிடைச்சா சேந்து ரூம் எடுக்கலாமா? நாளைக்கு கீழ எறங்கி இ-சேவைக்கு வர்றேன்.

தறிக்காரர் மகள்:
கண்டிப்பா. நாளைக்கு வர்றப்போ தனி மெசேஜ் போடுங்க, நானும் பி.எஸ்.டி.எம். சர்டிபிகேட்டுக்காக பழைய ஸ்கூலுக்கு போகணும், டவுன்ல பாக்கலாம்.

ஆத்தூர் டீச்சர்:
பி.எஸ்.டி.எம். ஒண்ணாவதுல இருந்து படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் தனித்தனியா வாங்கணும், எச்எம் கையெழுத்து, சீல் ரெண்டும் இருக்கான்னு அங்கயே பாத்துட்டு வாங்க, சேந்த வருஷமும் முடிச்ச வருஷமும் டிசி-ல இருக்கற மாதிரியே இருக்கணும்.